ஃபூகா மாஜிஸ்டர்: ஓய்வுபெற்ற ஜெட் பயிற்சி விமானம் இன்னும் பறப்பது எப்படி?

ஐரோப்பிய விமானக் கண்காட்சிகளைப் பற்றிய செய்திப் படங்களில், ஒல்லியான உடலும் நீண்ட இறக்கைகளும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல விரிந்த வாலும் கொண்ட ஒரு சிறிய ஜெட் விமானம் அடிக்கடி தென்படுகிறது. அது பிரான்சில் உருவான ஃபூகா மாஜிஸ்டர். 1952இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தின் சில பிரதிகளை இன்று தனியாரும் ஆர்வலர் சங்கங்களும் பறக்கவிடுகின்றனர். இதற்குப் பின்னர் வந்த, வேகத்திலும் ஆற்றலிலும் பன்மடங்கு உயர்ந்த போர் விமானங்கள் பலவும் அருங்காட்சியகத் தரையில் அசையாமல் நிற்கும்போது, இந்தப் பழைய பயிற்சி விமானம் மட்டும் எப்படி வானில் இருக்கிறது என்பது வாசகருக்கு எழும் முதல் ஐயம். ‘பயிற்சி விமானம்’ என்று பெயர்பெற்ற ஒன்று, காங்கோ நெருக்கடி பற்றியும் 1967ஆம் ஆண்டு மத்தியக் கிழக்குப் போர் பற்றியும் எழுதப்படும் வரலாறுகளில் தாக்குதல் விமானமாக ஏன் இடம்பெறுகிறது என்பது இரண்டாம் ஐயம். இரண்டுக்கும் விடை அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஜெட் பயிற்சி விமானம் என்னும் தேவை

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஜெட் போர் விமானங்கள் படைகளில் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒற்றை இருக்கை கொண்டவை. விசிறி (புரொப்பெல்லர்) விமானத்தில் பழகிய விமானி, ஜெட் விமானத்தில் முதல் தடவை ஏறும்போதே தனியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. அக்காலத்து ஜெட் என்ஜின்களோ, விசைக்கட்டுப்பாட்டை முன்னே தள்ளியவுடன் பணிபவை அல்ல. சுழற்சி வேகம் கூடிப் போதிய உந்துவிசை கிடைக்கப் பல நொடிகள் பிடிக்கும். தரையிறங்கும் வேளையில் உயரம் குறைந்துவிட்டதை உணர்ந்து விசையைக் கூட்டுபவருக்கு அந்தச் சில நொடிகளே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

இதற்கு முதலில் கிடைத்த தீர்வு, இருக்கும் போர் விமானத்தின் உடலை நீட்டி இரண்டாவது இருக்கையைப் பொருத்துவது. அமெரிக்காவின் எஃப்-80 போர் விமானத்தின் உடலை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீட்டி உருவாக்கிய டி-33, 1948 மார்ச்சில் பறந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலுமாக அது 6,500க்கும் மேல் கட்டப்பட்டது. பிரிட்டனின் மீட்டியர், வாம்பயர் ஆகியவற்றின் இரட்டை இருக்கை வடிவங்களும் இந்த வழியில் வந்தவையே. இவை தம் வேலையைச் செய்தன. ஆயினும் போர் விமானத்தின் எடை, எரிபொருள் பசி, உயர்ந்த தரையிறங்கும் வேகம் ஆகிய மூன்றும் மாணவரின் தலையிலும் படையின் வரவு செலவிலும் ஏறின.

மாணவருக்கென்றே தொடக்கம் முதல் வரையப்பட்ட ஜெட் விமானம் என்பது இரண்டாவது வழி. நெதர்லாந்தின் ஃபோக்கர் எஸ்-14 அந்த வகையில் 1951லேயே பறந்துவிட்டது; ஆனால் இருபது அளவிலான பிரதிகளோடு அதன் கதை நின்றது. பெருந்தொகையில் கட்டப்பட்டுப் பல நாடுகளுக்குப் பரவியது ஃபூகா மாஜிஸ்டர்தான்.

கிளைடரின் வாரிசு

ஃபூகா நிறுவனத்தின் மூலத்தொழில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது. அதன் விமானப் பிரிவில் பணியாற்றிய ராபர்ட் கஸ்தெல்லோ, பியர் மொபூசான் ஆகிய இருவரும் என்ஜின் இல்லாத கிளைடர்களை வடிவமைத்தவர்கள். மாஜிஸ்டரின் வகைப்பெயரான ‘சிஎம் 170’இல் உள்ள இரு எழுத்துகளும் அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே. டர்போமெக்கா நிறுவனத்தில் ஜோசஃப் ஷிட்லோவ்ஸ்கி மிகச் சிறிய ஜெட் என்ஜின்களை உருவாக்கிவந்தார். அவற்றுள் ஒன்றை ஒரு கிளைடரின் முதுகில் பொருத்தி 1949இல் பறக்கவிட்டனர். முதுகில் இருந்த என்ஜினின் சூடான வெளியேற்றம் நேராகப் பின்னோக்கிச் செல்வதால், வாலின் நடுப்பகுதி வெறுமையாக இருக்க வேண்டியிருந்தது. ‘வி’ வடிவ வால் அங்கே ஓர் அழகுணர்ச்சி அல்ல, கட்டாயம்.

அந்தச் சோதனையைக் கண்ட பிரெஞ்சு விமானப்படை, இதே வழியில் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றைக் கேட்டது. 1950 இறுதியில் மாதிரி விமானங்களுக்கு ஆணை கிடைத்தது. முதல் மாதிரி 1952 ஜூலை 23 அன்று பறந்தது. மொரான்-சோல்னியே நிறுவனம், ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் ஃப்ளூரே என்ற விமானத்தைப் போட்டியாக முன்வைத்தது. படை மாஜிஸ்டரைத் தேர்ந்தெடுத்தது. தோற்ற விமானம் ‘பாரிஸ்’ என்ற நான்கு இருக்கைச் சிறு ஜெட்டாக உருமாறித் தனி வாழ்வு பெற்றது. இரண்டுக்கும் என்ஜின் ஒன்றே என்பது, பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதைப் பின்னர் பேசும்போது பயன்படும் செய்தி.

மாஜிஸ்டரைப் புரிந்துகொள்ள நான்கு கூறுகள் போதும்.

1. இறக்கை. இறக்கை நுனிகளில் உள்ள எரிபொருள் தொட்டிகளைச் சேர்க்காமலேயே இறக்கை விரிவு 11.4 மீட்டர், உடல் நீளமோ ஏறத்தாழ 10 மீட்டர். ஜெட் விமானத்தில் இறக்கை உடலைவிட நீண்டிருப்பது கிளைடர் மரபின் எச்சம். என்ஜின்கள் நின்றாலும் விமானம் நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும். குறைந்த வேகத்திலும் அடங்கி நடக்கும்.

2. என்ஜின்கள். தலா 400 கிலோகிராம் உந்துவிசை தரும் இரண்டு மார்போரே என்ஜின்கள் உடலின் இருபுறமும் ஒட்டியபடி அமைந்தன. ஒன்று நின்றுபோனாலும், மற்றொன்றின் விசை விமானத்தின் மையக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால், மூக்கு பெரிதாக ஒருபக்கம் திரும்பாது. மையவிலக்கு விசையால் காற்றை அழுத்தும் ஒரே கட்ட கம்ப்ரசர், வளைய வடிவ எரியறை, ஒரே கட்ட டர்பைன் என்பதாக அதன் உள்ளமைப்பு மிகச் சுருக்கமானது. எரிபொருள் நுண்துளைக் குழாய்களின் வழியே பீய்ச்சப்படுவதில்லை. சுழலும் உள்ளீடற்ற தண்டின் வழியே வந்து, சுழற்சியின் வேகத்தாலேயே சிதறி எரியறைக்குள் வீசப்படுகிறது. நுண்துளைகள் இல்லாத இடத்தில் அடைப்பும் இல்லை. இந்த என்ஜினை அமெரிக்கா ஜே-69 என்ற பெயரில் உரிமம் பெற்றுக் கட்டித் தன் டி-37 பயிற்சி விமானத்தில் பொருத்தியது.

3. வால். வழக்கமான விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்கக் கிடைமட்ட வாலும் பக்கவாட்டில் திருப்பச் செங்குத்து வாலும் உண்டு. மாஜிஸ்டரில் இரண்டு பரப்புகளே இரு வேலைகளையும் செய்கின்றன. கட்டுப்பாட்டுத் தடியை இழுத்தால் இரண்டின் அசையும் பகுதிகளும் ஒருசேர மேலெழும். காலால் மிதித்தால் ஒன்று மேலும் மற்றொன்று கீழும் போகும். இரு கட்டளைகளையும் கலந்து வாலுக்கு அனுப்பும் கலவை இயந்திரம் உடலுக்குள் உள்ளது. மாணவர் இதை உணர வேண்டியதே இல்லை. பராமரிப்பவர் நன்றாகவே உணர்வார்.

4. விமானி அறை. மாணவர் முன்னும் ஆசிரியர் பின்னும் அமர்கின்றனர். பின்னிருக்கை போதிய அளவு உயர்த்தப்படாததால், ஆசிரியர் முன்பக்கம் பார்க்க ஒரு பெரிஸ்கோப் வைக்கப்பட்டது. அறைக்குள் காற்றழுத்தம் சீராக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆபத்தில் விமானியை வெளியே எறியும் எஜெக்ஷன் இருக்கை கிடையாது. மூடியை விலக்கிப் பாராசூட்டோடு தானே குதிக்க வேண்டும்.

நான்காம் கூறின் கடைசிப் பகுதியே மாஜிஸ்டரின் பெருங்குறை. தாழ்வான உயரத்தில் சிக்கல் வந்தால் குதிக்க நேரமே இருக்காது. எடையையும் செலவையும் குறைக்க எடுத்த அந்த முடிவு பணிக்காலத்தில் உயிர்களை விலையாகக் கேட்டது. அதே முடிவு ஓய்வுக்காலத்தில் எப்படி வேறு முகம் காட்டியது என்பதைப் பின்னர் காணலாம்.

பணிக்காலம்

1956இல் பிரெஞ்சு விமானப்படையில் சேர்ந்த மாஜிஸ்டர், சலோன்-தெ-ப்ரோவான்ஸில் உள்ள விமானப்படைக் கல்லூரியின் அடையாளமாகவே மாறியது. அக்கல்லூரியின் சாகசக் குழு 1964இல் ‘பத்ரூய் தெ பிரான்ஸ்’ என்ற தேசியக் குழுவின் பெயரைப் பெற்று, 1980 வரை இந்த விமானத்திலேயே பறந்தது. பெல்ஜியத்தின் ‘செம்பிசாசுகள்’ குழுவும் இதையே பயன்படுத்தியது. உந்துவிசை குறைந்த விமானத்தில் சாகசம் செய்வது எளிதன்று. விட்ட வேகத்தை என்ஜின் திரும்பத் தராது. உயரத்தையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். ஆசிரியர்களுக்கு இது குறையாகவே தோன்றவில்லை, ஏனெனில் மாணவர் கற்க வேண்டியதும் அந்தச் சிக்கனமே.

பிரெஞ்சுக் கடற்படைக்காக செஃபீர் என்ற தனி வடிவம் உருவானது. விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் கம்பியைப் பற்றி நிற்க வாலடிக் கொக்கி, தரையிறங்கும்போது திறந்து வைத்துக்கொள்ள வசதியாகப் பின்னோக்கி நகரும் மேல்மூடி ஆகியவை அதன் வேறுபாடுகள். முப்பது அளவில் கட்டப்பட்ட செஃபீர், இயேர் தளத்தில் இருந்த 59எஸ் அணியில் 1994 வரை கடற்படை விமானிகளைப் பழக்கியது.

பிரான்சுக்கு வெளியே ஜெர்மனி, பின்லாந்து, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகள் உரிமம் பெற்றுத் தாமே கட்டின. பின்லாந்தின் வால்மெட் நிறுவனம் 62 விமானங்களைக் கட்டியது. பிரான்சில் இருந்து நேரடியாக வாங்கிய 18ஐயும் சேர்த்து, அந்நாட்டின் விமானிகள் 1988 வரை இதில் பயின்றனர். இஸ்ரேலின் விமானத் தொழிலுக்கு 1960இல் அங்கே உருவான முதல் மாஜிஸ்டரே தொடக்கப் புள்ளி. பின்னர் அந்நாடு அவற்றைப் புதுப்பித்து ‘சுகித்’ என்று பெயரிட்டு, சுமார் அரை நூற்றாண்டுக் காலம் பயன்படுத்தியது. எல்லா நாடுகளிலுமாக 900க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

இங்கே ஒரு கொள்கைக் கேள்வியையும் தொட்டாக வேண்டும். பறக்கவே தெரியாத மாணவரை முதல் நாளிலேயே ஜெட்டில் ஏற்றலாமா? பிரிட்டன் 1955இல் ஹல்லாவிங்டன் தளத்தில் ஜெட் ப்ரோவோஸ்ட் விமானத்தை வைத்து இதைச் சோதித்து, ஏற்றலாம் என்ற முடிவுக்கு வந்தது. அமெரிக்காவும் டி-37இல் அதைச் செய்துபார்த்தது. ஆனால் 1960களின் நடுவில், தகுதியற்றவர்களைக் குறைந்த செலவில் முன்கூட்டியே இனங்கண்டு நீக்குவதற்காக, செஸ்னாவின் சிறிய விசிறி விமானத்தை முதற்படியாக மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆக, மாணவரால் முடியுமா என்பது விரைவிலேயே தீர்ந்துவிட்டது. கட்டுப்படியாகுமா என்பதே தீராமல் நின்றது. எரிபொருள் விலை ஏறியபோது பிரான்சும் 1980களில் எப்சிலான் என்ற விசிறி விமானத்தைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைத்தது. மேற்படிகளில் ஆல்ஃபா ஜெட் வந்தது. இரண்டுக்கும் நடுவே மாஜிஸ்டரின் இடம் சுருங்கி, 1990களின் நடுவில் அதன் பிரெஞ்சு விமானப்படைப் பணி முடிவை நெருங்கியது. பெல்ஜியத்தில் சில விமானங்கள் 2007 வரை நீடித்தன.

பயிற்சி விமானம் போருக்குப் போனபோது

ஆயுதப் பயிற்சிக்காக மாஜிஸ்டரின் மூக்கில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும், இறக்கைக்கு அடியில் ராக்கெட்டுகளும் சிறு குண்டுகளும் பொருத்த இடம் இருந்தது. போர் விமானம் வாங்க வசதியற்றவர்களுக்கும், வாங்க அனுமதி கிடைக்காதவர்களுக்கும் இது ஒரு குறுக்கு வழியானது.

காங்கோவில் இருந்து பிரிந்த கட்டாங்கா 1961இல் மூன்று மாஜிஸ்டர்களைப் பெற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் படைக்கும் கட்டாங்காவுக்கும் மோதல் வெடித்தபோது, பறக்கும் நிலையில் இருந்த ஒன்றே ஒன்று கொல்வேசி தளத்தில் இருந்து எழுந்து, ஐ.நா. படையினரையும் தரையில் நின்ற போக்குவரத்து விமானங்களையும் தாக்கியது. கட்டாங்காவின் ஜடோவில் நகரில் முற்றுகையிடப்பட்ட, ஐ.நா. படையைச் சேர்ந்த அயர்லாந்து வீரர்களும் அதன் தாக்குதலுக்கு உள்ளாகினர். அது அஞ்சத்தக்க ஆயுதம் அல்ல. ஐ.நா.வின் கையில் அப்போது ஒரு போர் விமானம்கூட இல்லாததே அதன் வலிமை. ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் தம் இறுதிப் பயணத்தில் நேர்வழியை விட்டு இரவில் சுற்றுவழியாகச் சென்றதற்கு இந்த அச்சுறுத்தல் ஒரு காரணம். அவரது விமானம் இன்றைய ஜாம்பியாவில் உள்ள என்டோலாவுக்கு அருகில் விழுந்து அவர் இறந்தபின், சுவீடன், எத்தியோப்பியா, இந்தியா ஆகிய நாடுகள் தம் ஜெட் விமானங்களை ஐ.நா.வுக்கு அனுப்பின. இந்திய விமானப்படையின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் அவ்வாண்டு டிசம்பரில் கொல்வேசி தளத்தைத் தாக்கின. அயர்லாந்து 1970களில் ஆறு மாஜிஸ்டர்களைத் தன் படைக்கு வாங்கியது என்பது வரலாற்றின் குறும்பு.

1967 ஜூனில் இஸ்ரேல் தன் முதன்மைப் போர் விமானங்களை எதிரியின் விமானத் தளங்களைத் தாக்க அனுப்பியபோது, தரைப்படைக்குத் துணையாகச் செல்ல எஞ்சியவை மாஜிஸ்டர்களே. பயிற்சிப் பள்ளி விமானங்களைக் கொண்டு அமைத்த ஓர் அணி, சினாயிலும் யோர்தான் முனையிலும் கவச வண்டிகளைத் தாக்கியது. அவற்றின் தாக்குதல்கள் பயன்தந்தன. ஆயின் இழப்பும் கனமாக இருந்தது. தாழப் பறக்கும் மெதுவான விமானம், கவசம் இல்லாத உடல், எஜெக்ஷன் இருக்கை இல்லாத அறை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது வேறு முடிவை எதிர்பார்க்க இயலாது. இதைப் பயிற்சி விமானத்தின் வெற்றி என்று மட்டும் எழுதுபவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தையே காட்டுகிறார்கள்.

ஓய்வுக்குப் பின் காத்திருப்பவை

பணி முடிந்த விமானங்கள் மூன்று வழிகளில் பிரிந்தன. பாரிஸை அடுத்த லெ பூர்ஜே, பிரஸ்ஸல்ஸ், பின்லாந்தின் திக்ககோஸ்கி, இஸ்ரேலின் ஹட்செரிம் போன்ற இடங்களில் உள்ள அருங்காட்சியகங்களுக்குச் சில சென்றன. வேறு சில, தள வாயில்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் கம்பத்தின்மேல் ஏற்றப்பட்டன. மீதியுள்ளவற்றுள் ஒரு சிறு பங்கே பறக்கும் நிலையில் தனியாரிடம் சேர்ந்தது.

கம்பத்தின்மேல் நிற்கும் விமானம் பாதுகாக்கப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் அதுவே விரைவாக அழிகிறது. அலுமினிய உலோகக் கலவை இரும்பைப்போல் வெளிப்படையாகத் துருப்பிடிப்பதில்லை. மழைநீர் தகடுகளின் இடுக்கில் தேங்கி, ஆணிகளைச் சுற்றி அரிமானம் உள்ளிருந்தே பரவும். மேல்மூடியின் ஒளிபுகு பிளாஸ்டிக் வெயிலில் நுண்வெடிப்புகள் கண்டு மங்கும். இறக்கைக்குள் பறவைகள் கூடு கட்டும். இருபது ஆண்டு கழித்து வெளிப்பூச்சு மட்டும் புதிதாக இருக்கும் கூடாகவே அது எஞ்சும்.

பறக்கும் நிலையில் வைத்திருப்பதன் கணக்கு

கட்டுரையின் முதல் கேள்விக்கு இனி விடை காணலாம்.

1. சட்டம். படைக்கென உருவான விமானத்துக்குப் பயணிகள் விமானம் போன்ற முழுமையான குடிமைத் தகுதிச் சான்று கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விமான விதிகள் முன்னாள் படை விமானங்களைத் தம் வரம்பில் இருந்து விலக்கி, அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டன. பிரான்சில் சேகரிப்பு விமானங்களுக்கென வரையறுக்கப்பட்ட பறப்புச் சான்று உண்டு. அமெரிக்காவில் ‘சோதனை மற்றும் காட்சி’ வகையில் பதிவு செய்யலாம். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: விமானத்தைக் காட்டலாம், அதில் பழகலாம், கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் போக்குவரத்து நடத்த முடியாது. பிரிட்டனில் 2015இல் ஷோர்ஹாம் கண்காட்சியில் ஹண்டர் விமானத்தின் இரட்டை இருக்கை வடிவம் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தபின், பழைய ஜெட் விமானங்களின் சாகசத்துக்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

2. இருக்கை. எஜெக்ஷன் இருக்கை கொண்ட விமானத்தில் அதைச் செலுத்தும் வெடிமருந்துத் தோட்டாக்களுக்குக் காலவரம்பு உண்டு. காலாவதியானால் புதியவை வாங்க வேண்டும். வெடிபொருள் சட்டம், பயிற்சி பெற்ற பணியாளர், உற்பத்தியாளரின் ஒத்துழைப்பு என எல்லாமே வேண்டும். பழைய இருக்கைகளுக்கு உதிரிப்பொருள் நின்றுபோனால் விமானமே தரையில் நின்றுவிடும். மாஜிஸ்டருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அன்று விமானியைக் காக்கத் தவறிய அதே எளிமை, இன்று விமானத்தைக் காக்கிறது. இதை மகிழ்ச்சியோடு சொல்ல முடியாது. இன்று அதில் ஏறுபவரும் தாழ்வான உயரத்தில் அன்றைய மாணவரைப் போலவே தப்ப வழியின்றித்தான் இருக்கிறார். நீண்ட இறக்கையும் இரண்டு என்ஜின்களும் தரும் சறுக்கும் திறனே அவருடைய காப்பு.

3. இறக்கை உத்தரம். இறக்கையின் உள்ளே ஓடி எடை முழுவதையும் தாங்கும் ஸ்பார் என்ற உத்தரம், ஒவ்வொரு சாகசத் திருப்பத்திலும் வளைந்து நிமிர்கிறது. திரும்பத் திரும்ப வளையும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றும். இதையே உலோகச் சோர்வு என்கிறோம். ஆகவே, ஒரு விமானத்தின் வயது அது கட்டப்பட்ட ஆண்டில் இல்லை. எத்தனை மணிநேரம், எவ்வளவு விசையில் பறந்தது என்ற பதிவேட்டில் இருக்கிறது. சாகசக் குழுவில் இருந்த விமானம் புகழால் விலைமதிப்பு உள்ளதாயினும், சோர்வுக் கணக்கில் முதியதாக இருக்கக்கூடும். பதிவேடு தொலைந்த விமானத்தை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பொறுப்புள்ள எவரும் பறக்கவிட மாட்டார்.

4. என்ஜின். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழலும் மார்போரே என்ஜினைக் குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை முற்றிலும் பிரித்துச் சோதிக்க வேண்டும். மாஜிஸ்டரிலும் பாரிஸ் விமானத்திலும் அது பொருத்தப்பட்டதால், படைகள் விற்ற உதிரிகளின் இருப்பு மற்ற பழைய ஜெட்டுகளைவிட வளமாக இருந்தது. போர் விமானத்தின் பெரிய என்ஜினோடு ஒப்பிட்டால் எரிபொருள் செலவும் ஒரு சங்கத்தால் தாங்கத்தக்க அளவில் நிற்கிறது. ஆயினும் டர்பைன் தகடுகள் புதிதாக வார்க்கப்படுவதில்லை. உள்ளவை தேயும்வரைதான் இந்த வசதி.

5. கைத்திறன். கலவை இயந்திரத்தைச் சரிசெய்யும் முறை கையேட்டில் உண்டு. எந்த இணைப்பு முதலில் தளரும், எந்த ஒலி வந்தால் நிறுத்த வேண்டும் என்பது படையில் இதைப் பராமரித்த முதியவர்களின் கையிலும் காதிலும் இருக்கிறது. இன்று சங்கங்கள் இளைஞர்களை அவர்களோடு சேர்த்து வேலை செய்ய வைப்பது இதனால்தான்.

எதைப் பாதுகாக்கிறோம்?

பறக்கும் விமானத்தில் பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். வானொலி இன்றைய விதிகளுக்கேற்பப் புதிதாக இருந்தாக வேண்டும். குழாய்களும் ரப்பர் வளையங்களும் மாற்றப்படும். வேறு விமானத்தின் இறக்கைகூடப் பொருத்தப்படலாம். அருங்காட்சியகக் காப்பாளரின் கண்ணுக்கு இது ஆவணத்தைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பானது. அவருக்கு மூலப்பூச்சின் கீறலும் சான்றே. பறக்கவிடுபவருக்கோ, என்ஜினின் கூர்மையான விசில் ஒலியும், வேகத்தைச் சேமித்துத் திரும்பும் அந்த நடையும் இல்லாத மாஜிஸ்டர் வெறும் தகடு. இரு தரப்பும் தத்தம் அளவில் சரியே. ஆனால் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட ஒரு விமானத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்பதே என் கணிப்பு. மாதிரி விமானம், போரில் ஈடுபட்டதற்குச் சான்றுள்ள விமானம், ஒரு நாட்டில் எஞ்சிய ஒரே செஃபீர் போன்றவற்றைக் கூரைக்கு அடியில் தொடாமல் வைப்பதும், சிறப்பு வரலாறு ஏதுமற்ற பிரதிகளைப் பறக்கவிடுவதும் நியாயமான பங்கீடு.

இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொரு நிலையும் உண்டு. உத்தரத்தின் ஆயுள் முடிந்தும் என்ஜின் நலமாக உள்ள விமானத்தை ஓடுபாதையில் உருட்டி, என்ஜினை இயக்கி மட்டும் காட்டுவது. பறக்கும் சான்று அதற்குத் தேவையில்லை. உத்தரத்தின் மேல் சுமையும் ஏறாது. டர்பைன் தகடுகளின் இருப்பு குறையக் குறைய, இன்று பறக்கும் மாஜிஸ்டர்களும் ஒவ்வொன்றாக அந்த நிலைக்கு வரும். அப்போது கம்பத்தின்மேல் நிற்கும் கூடுகளில் இருந்து எடுக்கத்தக்க உதிரிகள் எவையேனும் அரிமானத்துக்குத் தப்பியிருக்கின்றனவா என்பது தெரியவரும்.